வள்ளத்துக்கு இரண்டு பற்றரிகள்

நெல் விளையும் ஊர்களிலே நெடுங்காலமாக நிலவி வரும் வழக்கம் ஒன்று உண்டு. சூடடித்த நெல் வீட்டுக்கு வந்ததும் உண்பதற்கென ஒரு பங்கும் விதைப்பதற்கென ஒரு பங்கும் பிரித்து வைக்கப்படும். விதைநெல்லுக்குத் தனி இடம், தனி மூடி. வீட்டிலே அரிசி குறைந்த நாளிலும், அயல்வீட்டிற் கடன் கேட்க நேர்ந்த நாளிலும், இல்லத்தலைவி விதைநெல்லிற் கைவைக்க மாட்டாள். அதனை உண்டால் இன்றைய பசி தீரும். ஆனால் அடுத்த போகத்துக்கு வழியில்லாமற் போய்விடும் என்பதை அவள் அறிவாள். கடலிற் செல்லும் சிறிய வள்ளத்துக்கும் இத்தகைய விதைநெல் ஒன்று வேண்டும். அது எது, அதனை எவ்வாறு பிரித்து வைப்பது, பிரித்து வைத்ததை எவ்வாறு காப்பது என்பனவே இப்பேச்சின் பொருள்.

பாய் விரித்து ஓடிய காலத்திலே கடலோடி காற்றை நம்பினான். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறைமுகத்தை அடைந்த செய்தி நேயர்கள் பலரும் அறிந்ததே. அதன் பின்னர், 1950களின் பிற்பகுதியிலே, இயந்திரம் பூட்டிய 28 அடி வள்ளங்கள் இலங்கையின் மீன்பிடித் தொழிலிற் புகுந்தன. மூன்றரைத் தொன் வள்ளம் என்று கரையோர மக்கள் அவற்றை அழைத்தனர். சிறிய டீசல் இயந்திரங்களைக் கையாற் சுழற்றி இயக்கும் வழக்கமும் இருந்தது. இயந்திரத்தின் வலிமை கூடக்கூட அதனைச் சுழற்றக் கைவலிமை போதாதாயிற்று. மோட்டார் வண்டிகளுக்கு 1911 ஆம் ஆண்டிலே அமெரிக்காவிற் சார்ள்ஸ் கெற்றரிங் என்பவர் பொருத்திக் காட்டிய மின் ஸ்ரார்ட்டர் போன்ற கருவியே வள்ளத்து இயந்திரங்களையும் இயக்கத் தொடங்கியது. சாவியைத் திருப்பினால் இயந்திரம் எழுந்துவிடும். அது பெரிய வசதி. ஆயினும் அந்த வசதியோடு ஓர் அடிமைத்தனமும் வந்தது. வள்ளம் கரைக்கு மீள்வது இப்பொழுது பற்றரி என்னும் ஒரு கறுப்புப் பெட்டியின் கையில் உள்ளது.

திருகோணமலையிலிருந்து மாலையிற் புறப்பட்டு, இரவு வலைவிட்டு, விடியலிற் கரைசேரும் ஒரு வள்ளத்தை எண்ணிப் பார்ப்போம். அதிலே ஒரு முதியவரும் அவருடைய மருமகனும் இருக்கின்றனர். பற்றரி ஒன்றுதான். வலை நீரிற் கிடக்கிறது. எண்ணெய்யை மிச்சம் பிடிக்க இயந்திரம் நிறுத்தப்பட்டிருக்கிறது. வள்ளத்தின் மேலே விளக்குகள் எரிகின்றன. வி.எச்.எப். வானொலி திறந்திருக்கிறது. இடங்காட்டும் ஜி.பி.எஸ். கருவி ஒளிர்கிறது. நள்ளிரவு கடந்ததும் விளக்கின் ஒளி மஞ்சளாகிறது.

“மாமா, விளக்கு மங்குது. நூர்த்துவிடட்டோ?” என்று இளைஞன் கேட்கிறான்.

முதியவர் உடனே விடை சொல்ல இயலாமல் இருக்கிறார். விளக்கை நூர்த்தால் பற்றரியில் எஞ்சிய வலிமை இயந்திரத்தை இயக்கக் கூடும். ஆனால் வங்காள விரிகுடாத் துறைமுகங்களுக்குச் சென்று மீளும் பெருங்கப்பல்கள் கிழக்குக் கடலில் ஓடுகின்றன. இருளில் விளக்கின்றிக் கிடக்கும் 28 அடி வள்ளம் அத்தகைய கப்பலின் காவலாளிக்குத் தெரியாது. விளக்கை எரியவிட்டாலோ விடியற்காலையில் இயந்திரம் எழாது. கிழக்குக் கரையில் மீன்பிடிக்கு ஏற்ற காலம் தென்மேற்குப் பருவக்காற்று வீசுங் காலம். கச்சான் என்று மக்கள் வழங்கும் அக்காற்றுத் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. இயந்திரம் நின்ற வள்ளத்தை அது கரைக்குத் தள்ளாது. கரையிலிருந்து மேலும் மேலும் அப்பாலே கொண்டுசெல்லும். பிறர் கண்ணிற் படுவதா, வீடு திரும்புவதா என்ற இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யுமாறு ஒரு மனிதனை ஒற்றைப் பற்றரி நிர்ப்பந்திக்கிறது. அந்நிர்ப்பந்தத்தை நீக்குவதே இரட்டைப் பற்றரி அமைப்பின் பயன்.

இதனை விளங்கிக்கொள்ளப் பற்றரியின் உள்ளமைப்பைச் சற்று அறிதல் நன்று. ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு, மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய பற்றரியை 1859 ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே அமைத்தார். இன்றைய வள்ளங்களிற் பெரும்பாலும் காணப்படுவது அதன் வழிவந்ததே. பெட்டிக்குள்ளே ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2.1 வோல்ற்று அழுத்தம் தரும். ஆறும் சேர்ந்து 12 வோல்ற்றுப் பற்றரி எனப் பெயர் பெறுகின்றன. மின்சாரம் வெளியேறும்பொழுது தகடுகளின்மேல் ஈயச் சல்பேற்று என்னும் வெண்பொருள் படிகிறது. மின்னேற்றும்பொழுது அது கரைந்து மீளுகிறது. பற்றரியை வெறுமையாகவே நாட்கணக்கில் விட்டுவிட்டால் அப்படிவு கல்லைப் போல இறுகிவிடும். பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய வலிமை வாராது.

பற்றரிகளில் இருவகை உண்டு. இயந்திரத்தை இயக்குவதற்கென ஆக்கப்பட்டவற்றில் மெல்லிய தகடுகள் பல இருக்கும். ஒரு சில விநாடிகளுக்குப் பெருமின்னோட்டம் தருவதே அவற்றின் தொழில். விளக்கு, வானொலி முதலியவற்றுக்கென ஆக்கப்பட்டவற்றில் தடித்த தகடுகள் இருக்கும். சிறிது சிறிதாக, நெடுநேரம் கொடுத்து, மீண்டும் நிறைதல் அவற்றின் இயல்பு. ஒன்றின் வேலையை மற்றதற்குக் கொடுத்தால் அது விரைவிற் கெடும்.

எளிய கணக்கொன்றைப் பார்ப்போம். ஸ்ரார்ட்டர் 300 அம்பியர் மின்னோட்டத்தை 3 விநாடி இழுப்பதாகக் கொள்வோம். கேட்பதற்குப் பேரளவாகத் தோன்றினும், மொத்தத்திற் செலவானது அம்பியர்-மணி ஒன்றின் காற்பங்கு மட்டுமே. மறுபுறத்தில் 24 வாற்று விளக்கொன்று 2 அம்பியர்தான் இழுக்கிறது. ஆனால் அது பத்து மணிநேரம் எரிந்தால் 20 அம்பியர்-மணி செலவாகிறது. அதாவது, இயந்திரத்தை எண்பது முறை இயக்கப் போதுமான மின்சாரத்தை ஒரு சிறு விளக்கு ஓர் இரவில் உண்டுவிடுகிறது. இயந்திரத்தை எழவொட்டாமற் செய்வது பெரும்பாலும் ஸ்ரார்ட்டர் அன்று. விடியவிடிய அமைதியாக எரியும் விளக்கேயாம்.

ஆதலால் இரண்டு பற்றரிகள் வேண்டும். ஒன்று இயந்திரத்துக்கு, மற்றது விளக்கு, வானொலி, ஜி.பி.எஸ்., மீன் தேடும் கருவி ஆகியவற்றுக்கு. இங்கே ஒரு பிழை பலருக்கும் நேர்கிறது. இரண்டாவது பற்றரியை வாங்கி, நேரை நேரோடும் மறையை மறையோடும் நிலையாக இணைத்துவிட்டு, இரண்டு பற்றரிகள் உண்டென மகிழ்கின்றனர். உண்மையில் அவர்களிடம் இருப்பது பெரிய பற்றரி ஒன்றே. விளக்கு அதனையும் உண்டு முடிக்கும். சிறிது நேரம் பிந்தி முடிக்கும், அவ்வளவே. விதைநெல்லையும் உணவு நெல்லையும் ஒரே சாக்கிற் கொட்டிவிட்டு, நெல் நிறைய இருக்கிறது என்று சொல்வது போன்றதே இது. இரண்டு பற்றரிகளை வைத்திருந்தாற் போதாது; அவை இரண்டாகவே இருக்கவும் வேண்டும்.

இனி அமைப்பைக் கவனிப்போம். முதலாம் பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சுவிச் வழியாக ஸ்ரார்ட்டருக்குக் கம்பி செல்லும். அதனோடு வேறெதையும் பொருத்தலாகாது. இரண்டாம் பற்றரியின் நேர்முனையிலிருந்து பியூஸ், அடுத்துத் தனிச் சுவிச், அதற்கப்பால் விளக்கு முதலியவற்றுக்கான பலகை என்ற ஒழுங்கில் கம்பி செல்லும். இரண்டு பற்றரிகளின் மறைமுனைகளும் ஒன்றாக இணைக்கப்படும். வள்ளத்தினுட் புகும் நீரைத் தானாக இறைக்கும் பம்பி இருந்தால், அதனை இரண்டாம் பற்றரியோடு, அதற்கெனத் தனிப் பியூஸ் வைத்து, பெருஞ்சுவிச்சுக்கு முன்னதாகவே இணைத்தல் வேண்டும். வள்ளத்தைக் கரையிற் கட்டிவிட்டு எல்லாவற்றையும் நிறுத்திச் சென்ற பின்னரும் பம்பி விழித்திருக்க வேண்டுமல்லவா?

இயந்திரத்தோடு பட்டி பூட்டிச் சுழலும் மின்பிறப்பாக்கி ஒன்றுதான் உண்டு. அது இரண்டு பற்றரிகளையும் நிறைக்க வேண்டும். நிறைத்த பின் இரண்டும் பிரிந்துவிடவும் வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது கைச்சுவிச். ஒன்று, இரண்டு, இரண்டும், நிறுத்தம் என நான்கு நிலைகள் அதில் உண்டு. ஒன்றில் வைத்து இயந்திரத்தை இயக்கி, ஓடும்பொழுது இரண்டும் என்பதில் வைத்து மின்னேற்றி, இயந்திரத்தை நிறுத்தியதும் இரண்டில் வைத்தல் முறை. இது விலை குறைந்தது, பழுதும் குறைந்தது. ஆனால் முழுவதும் மனிதனின் நினைவை நம்பியது. வலையிழுத்துக் களைத்த ஒருவன் அதனை இரண்டும் என்ற நிலையிலேயே விட்டுவிட்டால், பிரித்து வைத்ததன் பயன் அவ்விரவே அழிந்துபோம். இயந்திரம் ஓடும்பொழுது அதனை நிறுத்தம் என்ற நிலைக்குத் திருப்புவதும் பெரும் பிழை. போக்கிடம் இழந்த மின்சாரம் அழுத்தத்திற் பாய்ந்தெழுந்து மின்பிறப்பாக்கியின் டயோட்டுகளை எரித்துவிடக் கூடும்.

இரண்டாவது டயோட் பிரிப்பான். டயோட் என்பது மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் வாயிற்காவலன். மின்பிறப்பாக்கியிலிருந்து இரு பற்றரிகளுக்கும் மின்சாரம் செல்லும். ஒரு பற்றரியிலிருந்து மற்றதற்குச் செல்லாது. மனிதனின் நினைவு இதற்கு வேண்டியதில்லை. ஆனால் சாதாரண டயோட் கடத்துகூலியாக ஏறக்குறைய 0.7 வோல்ற்றை எடுத்துக்கொள்ளும். அதனை ஈடுசெய்யும் வகையில் மின்பிறப்பாக்கி அமையாவிட்டாற் பற்றரிகள் ஒருபோதும் முழுமையாக நிறையமாட்டா.

மூன்றாவது மின்னழுத்தம் அறியும் றிலே. மின்பிறப்பாக்கி முதலில் இயந்திரப் பற்றரியையே நிறைக்கும். அதன் அழுத்தம் ஏறக்குறைய 13.5 வோல்ற்றுக்கு உயர்ந்ததும் றிலே தானாக மூடி இரண்டாம் பற்றரியையும் சேர்த்துக்கொள்ளும். இயந்திரம் நின்று அழுத்தம் 12.8 வோல்ற்றளவுக்கு இறங்கியதும் தானாகத் திறந்து இரண்டையும் பிரித்துவிடும். விதைநெல் நிறைந்த பின்னரே உணவு நெல்லை அளக்கும் முறை இது. சிறிய வள்ளத்துக்கு இதுவே மிகப் பொருத்தமானதென்று சொல்லலாம். றிலேக்குச் செல்லும் கம்பியில் இரு பற்றரிகளின் பக்கத்திலும் ஒவ்வொரு பியூஸ் வேண்டும். இதனோடு, அவசர வேளையில் மட்டும் இரண்டையும் கையால் இணைக்கத் தனிச் சுவிச் ஒன்றையும் வைத்தல் அறிவுடைமை. என்றாவது இயந்திரப் பற்றரி பழுதுற்றால், அதனைத் திருப்பி இரண்டாம் பற்றரியின் உதவியோடு இயந்திரத்தை எழுப்பலாம். எழுந்ததும் உடனே பிரித்துவிட வேண்டும்.

இரண்டாம் பற்றரி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? வள்ளத்துக்கு வள்ளம் இது வேறுபடும். கணக்கோ எல்லோருக்கும் பொதுவானது. பழைய முறைக் குமிழ் விளக்குகள் மூன்று, ஒவ்வொன்றும் 10 வாற்று, அவை 2.5 அம்பியர் இழுக்கும். வேலைக்கான விளக்கும் ஜி.பி.எஸ்.ஸும் வானொலியும் சேர்ந்து இன்னும் 2.5 அம்பியர் என்போம். மொத்தம் 5 அம்பியர். இரவு பத்து மணிநேரம். செலவு 50 அம்பியர்-மணி. ஈயப் பற்றரியை அரைப்பங்குக்கு மேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் குன்றும். ஆகவே 100 அம்பியர்-மணிப் பற்றரி வேண்டும். பற்றரி பழகப் பழக வலிமை குறையுமாதலாற் சற்றுக் கூடியதே நன்று. குமிழ் விளக்குகளை எடுத்துவிட்டு எல்.ஈ.டி. விளக்குகளைப் பொருத்தினால் விளக்குச் செலவு ஐந்தில் ஒன்றாகவோ அதனிலும் குறைவாகவோ சுருங்கும். பெரிய பற்றரியை வாங்குமுன் விளக்கை மாற்றுவதே மலிவான வழி.

பொருத்தும் வேலையிலும் கவனம் வேண்டும். ஸ்ரார்ட்டருக்குச் செல்லும் கம்பி சுண்டுவிரற் பருமனாக, இயன்றவரை குறுகியதாக இருத்தல் வேண்டும். அதன் வழியே பாயும் மின்னோட்டம் மிகப் பெரிதாதலாற் பொதுவாக அதற்குப் பியூஸ் வைப்பதில்லை. அதனாலேயே உராயாதபடி உறையிட்டு, உறுதியாகக் கட்ட வேண்டும். மற்றக் கம்பிகளுக்கான பியூஸ் பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பது நல்லது. பியூஸ் காப்பது விளக்கை அன்று, கம்பியை. தோலுரிந்த கம்பியொன்று உலோகத்திற் பட்டால் கண்ணாடியிழை வள்ளம் தீப்பற்றச் சில நிமிடங்களே போதும். கம்பியின் செப்பு இழைகள் வெள்ளீயம் பூசப்பட்டனவாயின் உப்புக்காற்றிற் பச்சை பிடித்து அரிபடுவது குறையும்.

நூறு அம்பியர்-மணிப் பற்றரியொன்று 25 முதல் 30 கிலோகிராம் நிறையுள்ளது. அலையிற் புரண்டு விழாதவாறு, அமிலம் தாக்காத பெட்டியினுள் வைத்து, பட்டியால் இறுக்கிக் கட்ட வேண்டும். வள்ளத்தின் அடிநீர் எட்டாத உயரம் அதற்குரிய இடம். கடல்நீர் பற்றரியினுட் புகுந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு தோன்றும். மின்னேற்றம் முடியுந் தறுவாயில் ஐதரசன் வாயுவும் வெளிப்படும். நூறு பங்கு காற்றில் அது நான்கு பங்கு கலந்தாலே தீப்பொறிபட்டு வெடிக்கும். அது காற்றினும் இலேசாதலாற் பெட்டியின் மேற்பக்கத்தில் வழி விடுதல் வேண்டும். அதனருகே பீடியோ சுருட்டோ பற்றவைத்தல் ஆகாது. இலிதியம் பற்றரிகளும் இன்று கடைகளுக்கு வந்துள்ளன. அவற்றை மின்னேற்றும் முறை வேறாதலால், உரிய கருவியின்றி ஈயப் பற்றரியோடு நேரே இணைத்தல் தவறு.

அமைத்த பின்னர்ப் பேணுதல் வேண்டும். இயந்திரம் நின்று சில மணிநேரம் ஓய்ந்த பற்றரியில் 12.7 வோல்ற்று இருப்பின் அது நிறைவு, 12.2 இருப்பின் அரைப்பங்கு, 11.9 அல்லது அதற்குக் கீழாயின் ஏறக்குறைய வெறுமை. இயந்திரம் ஓடும்பொழுது 14 வோல்ற்றளவு காட்டாவிட்டாற் பட்டி தளர்ந்துள்ளதா என்று முதலிற் பார்க்க வேண்டும். இம்மூன்று எண்களையும் பலகையின் அருகே எழுதி ஒட்டிவைத்தால் வள்ளத்திலுள்ள எவரும் நிலைமையை அறியலாம். நீர் குறைந்தால் வடித்தெடுத்த நீரையே விட வேண்டும். கிணற்று நீரிலுள்ள உப்புகள் தகடுகளுக்குக் கேடு. முனைகளிற் பூக்கும் வெண்படிவை அப்பச்சோடா கரைத்த நீராற் கழுவி, அந்நீர் அறைகளினுட் செல்லாமற் பார்த்து, உலர்ந்தபின் வசிலீன் பூசலாம்.

முன்னர்க் கூறிய வள்ளத்துக்கு மீள்வோம். இப்பொழுது அதில் இரண்டு பற்றரிகள் உள்ளன. அன்றும் வலை நீரிற் கிடக்கிறது. இரவு மூன்று மணியளவில் இரண்டாம் பற்றரி தளர்ந்து, பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த சிறு வானொலிப் பெட்டி கரகரக்கிறது.

“மாமா, மற்றப் பற்றரியோடு சேர்த்துவிடட்டோ? கொஞ்ச நேரத்துக்குத்தானே” என்கிறான் மருமகன்.

“வேண்டாம் தம்பி. பாட்டை நிற்பாட்டு, வேலை விளக்கையும் நூர். மேல்விளக்கு எரியட்டும். அந்தப் பற்றரி நாங்கள் வீட்டை போறதுக்கு” என்கிறார் முதியவர்.

அவ்விடையை இம்முறை அவர் தயங்காமற் சொல்லுகிறார். மேல்விளக்கு எரிவதால் வள்ளம் பிறர் கண்ணுக்குத் தெரிகிறது. விடியற்காலையில் சாவியைத் திருப்பியதும் இயந்திரம் எழுகிறது. இரண்டு பற்றரிகள் எல்லா ஆபத்தையும் நீக்குமென்று எவரும் எண்ணலாகாது. எண்ணெய்க் குழாய் அடைபடலாம். சுழலி விசிறியில் வலை சிக்கலாம். ஆகையாற் துடுப்பும் நங்கூரமும் கைவிளக்கும் குடிநீரும் என்றும் போல வள்ளத்தில் இருத்தல் வேண்டும். ஆயினும் விளக்கா, இயந்திரமா என்ற அந்த ஒரு கொடிய தெரிவு அவர்களுக்கு இனி இல்லை.

கருவிகளைக் கடையில் வாங்கலாம். கம்பிகளை ஒரு பகலிற் பொருத்திவிடலாம். இரவு மூன்று மணிக்குக் கொஞ்ச நேரத்துக்குத்தானே என்று மனம் சொல்லும்பொழுது, அந்தச் சுவிச்சிலிருந்து கையை எடுக்கும் பழக்கத்தை வள்ளத்திலுள்ளோர் தாமே ஆக்கிக்கொள்ள வேண்டும். பஞ்சத்திலும் விதைநெல்லைத் தொடாத தாய்மாரின் பிள்ளைகளுக்கு அப்பழக்கம் அரிதன்று.